திருப்பி அனுப்பப்பட்டவரை நம் பிள்ளை விரும்பும்போது



"பாதர், மகள் ஒரு பையனை விரும்புகிறாள். பையன் குணத்தில் பிழையில்லை என்கிறார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து பிடித்து அனுப்பப்பட்டவன். நாங்கள் என்ன செய்வது?"

கண்டக்குழிக் கரையில் இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்கலாம். கடற்றொழில் செய்யும் பழைய குடும்பங்களும் கேட்கின்றன. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் வயலையும் தோட்டத்தையும் விட்டுவந்து, இங்கே மணல் தரையில் கிணறு வெட்டி மிளகாயும் வெங்காயமும் செய்யப் பழகிக்கொண்ட குடும்பங்களும் கேட்கின்றன. கேட்பவர் அம்மாவாக இருந்தால் கண்ணீரோடு கேட்பார். அப்பாவாகவோ வாப்பாவாகவோ இருந்தால் பெரும்பாலும் கோபத்தோடு கேட்பார். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே பயம்தான். மகளின் வாழ்வு இன்னொரு முறை வேரோடு பிடுங்கப்பட்டுவிடுமோ என்ற பயம் அது.

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயப்படுவதையே நான் அதிகம் காண்கிறேன். ஆகவே இந்தப் பாடத்தில் எதை விசாரிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம், பிள்ளையோடு எப்படிப் பேசலாம் என்று பார்ப்போம். மகனுடைய பக்கத்திலும் இதே நிலை வரலாம். வளைகுடாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணை மகன் விரும்பும் வீடுகளும் உண்டு. அங்கே பெற்றோரின் வாய் இன்னும் கடுமையாக இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

பேசுவதற்கு வசதியாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் உள்ளதை ஒன்றாய்ச் சேர்த்துச் சொல்வதால் பெயர் வேண்டாம். மகளுக்கு 24 வயது. முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். பையனுக்கு 28 வயது. படகில் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டு, கடலிலேயே மறிக்கப்பட்டு, கட்டுநாயக்கவுக்குக் கொண்டுவரப்பட்டவர். அவர் புறப்படுவதற்கு முன்பே இரண்டு வீட்டாரும் வாய்ப்பேச்சாகச் சம்மதித்திருந்தார்கள். அவர் திரும்பி வந்த பிறகு பெண்வீட்டார் மௌனமாகிவிட்டார்கள். மகள் மட்டும் மௌனமாகவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "வெளிநாட்டு மாப்பிள்ளை" என்று நினைத்தபோது அந்தப் பையனுடைய குடும்பத்தையோ கடனையோ குணத்தையோ எவரும் பெரிதாக விசாரிக்கவில்லை. அவர் வெறுங்கையோடு வந்ததும் எல்லாக் குறையும் தெரியத் தொடங்கியது. போகும்போது மருமகன், வந்ததும் அந்நியன் என்றால் நாம் மகளுக்கு மாப்பிள்ளை தேடினோமா, வீசாவுக்கு மாப்பிள்ளை தேடினோமா? மகள் இதைக் கேட்கமாட்டாள். ஆனால் மனதில் வைத்திருப்பாள்.

"பிடித்து அனுப்பினார்கள்" என்றால் என்ன?

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: "டிப்போர்ட் ஆகி வந்தவன்." உண்மையில் அதற்குள் பல வகை உண்டு. வகையைப் பிரித்து அறிவதே பெற்றோரின் முதல் வேலை.

முதலாவது, கடலில் மறிக்கப்பட்டவர். அவுஸ்திரேலியா 2013 ஜூலை 19 அன்று, இனிப் படகில் வருவோருக்குத் தன் நாட்டில் குடியேற இடமில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 18 முதல் கடற்படையை வைத்துப் படகுகளை மறித்துத் திருப்பும் நடவடிக்கை தொடங்கியது. 2014 ஜூலையில் 41 பேர் மட்டக்களப்புக்கு அப்பால் நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் கையளிக்கப்பட்டு, காலிக்குக் கொண்டுவரப்பட்டு, நீதவான் முன் நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் 37 பேர் சிங்களவர், 4 பேர் தமிழர். ஆகவே இது ஓர் இனத்தின் கதை மட்டும் அல்ல. 2022இல் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் படகுகள் மறுபடி புறப்பட்டன. அந்த ஆண்டு மே 21, அவுஸ்திரேலியாவின் தேர்தல் நாளிலேயே ஒரு படகு மறிக்கப்பட்டது. அதிலிருந்தவர்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இப்படி வந்தவர் அந்த நாட்டின் மண்ணையே மிதிக்காமல் வந்திருக்கலாம்.

இரண்டாவது, அங்கே போய்ச் சேர்ந்து, அகதிக் கோரிக்கை வைத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, மறுக்கப்பட்டு அனுப்பப்பட்டவர். மூன்றாவது, படிக்கவோ வேலைக்கோ முறையான வீசாவில் போய், காலம் கடந்து தங்கியவர். நான்காவது, அங்கே குற்றம் செய்து தண்டனை பெற்றதால் வீசா ரத்தாகி அனுப்பப்பட்டவர்.

முதல் மூன்று வகையினரும் பிற மனிதர் எவருக்கும் தீங்கு செய்ததால் அனுப்பப்பட்டவர்கள் அல்லர். அனுமதி இல்லாததால் அனுப்பப்பட்டவர்கள். நான்காவது வகை வேறு. அவுஸ்திரேலியாவில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரின் வீசாவை ரத்துச் செய்யச் சட்டம் உண்டு. அந்தக் குற்றம் என்ன, பெண்ணையோ பிள்ளையையோ அடித்ததா, குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதா, களவா என்று கேட்டறிய உங்களுக்கு முழு உரிமை உண்டு. திருப்பி அனுப்பும் நாடு அதற்கான கடிதத்தை அவர் கையில் கொடுத்திருக்கும். "அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் தம்பி" என்று மரியாதையாகக் கேளுங்கள். காட்டத் தயங்காதவரைப் பற்றிய பாதிப் பயம் அங்கேயே நீங்கிவிடும்.

இங்கே உள்ள வழக்கு

வெளிநாட்டுச் சட்டத்தைவிட நம் நாட்டுச் சட்டமே உங்கள் மகளின் குடும்ப வாழ்வை அதிகமாகத் தொடும். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத இடத்திலிருந்து நாட்டை விட்டுப் போவது குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறையும் 2 இலட்சம் ரூபா வரை தண்டமும் விதிக்க இடமுண்டு. எழுத்தில் இப்படி இருந்தாலும், பயணியாக மட்டும் போனவருக்கு நடைமுறையில் பெரும்பாலும் தண்டப்பணமே விதிக்கப்படுகிறது.

கட்டுநாயக்கவில் இறங்கியதும் குடிவரவு அதிகாரிகளும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினரும் விசாரிப்பார்கள். பிறகு நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணம். அதைத் தவணையில் கட்டவும் இடம் கிடைப்பதுண்டு. ஒப்புக்கொள்ளாவிட்டால் பிணையில் விடுவார்கள். சில வேளைகளில் குடும்பத்தில் ஒருவர் வந்து பிணை நிற்க வேண்டும். அதன் பிறகுதான் நீண்ட பாதை. ஒரே படகில் போன எல்லாரையும் சேர்த்து வழக்கு நடப்பதால், ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் வழக்கு இழுபடும். தவணைக்குத் தவணை நீர்கொழும்புக்குப் போக வேண்டும். கற்பிட்டிப் பக்கத்திலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் காசு வேறு. இந்தத் தொல்லை கல்யாணமான பிறகும் தொடரும் என்பதை மகள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

நம் கரையோர மக்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயணியாகப் போனவர் ஒரு வகை. படகை ஏற்பாடு செய்தவர், ஆள் சேர்த்தவர், படகை ஓட்டியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறு வகை. பின்னவருக்குப் பிணை எளிதில் கிடைக்காது, தண்டனையும் கடுமையாகும். கடல் தெரிந்த பையனை "நீ காசு தரவேண்டாம், படகை மட்டும் ஓட்டு" என்று ஆசை காட்டி ஏற்றுவதுண்டு. அவர் தன்னைப் பயணி என்றே நினைத்திருப்பார். குற்றப்பத்திரம் வேறு விதமாகச் சொல்லும். ஆகவே வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் வழக்கு இலக்கத்தை வாங்கி, ஒரு சட்டத்தரணி மூலம் வழக்கேட்டைப் பார்த்துவிடுங்கள். காசில்லாவிட்டால் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அது இலவசமாக உதவும். இதைப் பையனுக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்ய வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள்.

வடக்கு கிழக்கிலிருந்து வந்த தமிழ்க் குடும்பப் பையனாக இருந்தால், திரும்பி வந்த பிறகு வீட்டுக்குப் புலனாய்வுப் பிரிவினர் வந்து விசாரிப்பதும் உண்டு. அயலார் அதைக் கண்டு ஆயிரம் கதை கட்டுவார்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டார் என்பது குற்றத்துக்குச் சாட்சி அல்ல. போர்க்காலத்தில் வீட்டுக்கு வீடு விசாரிக்கப்பட்ட நாம் இதை மறக்கக் கூடாது.

கடன்

வழக்கை விட எனக்கு அதிகம் கவலை தருவது கடன்தான். படகுக்காரனுக்குக் கொடுத்த காசு எங்கிருந்து வந்தது? தாயின் நகை அடகில் இருக்கலாம். காணி உறுதி ஒருவரின் பெட்டியில் இருக்கலாம். அக்காவின் சீதனக் காசு போயிருக்கலாம். நுண்கடன் நிறுவனத்தில் பெண்கள் குழுவாக எடுத்த கடன் அவருடைய படகுக்குப் போயிருக்கலாம். அப்படியானால் அவர் திரும்பி வந்த நாள் முதல் ஒரு குழுப் பெண்களே அவருக்காகத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

கடன் இருப்பது குறையல்ல. வெங்காயம் செய்கிறவனுக்கும் கடன் உண்டு. ஆனால் வெங்காயக் கடனுக்கு ஒரு விளைச்சல் வரும் என்ற நம்பிக்கை இருக்கும். படகுக் கடனுக்கு அடுத்த பக்கத்தில் எதுவும் இல்லை, கடலில் போன காசு அது. அந்தக் கடனை அடைக்கப் பையன் என்ன வழி வைத்திருக்கிறார் என்பதே அவரைப் பற்றி நீங்கள் அறியக்கூடிய மிகப் பெரிய செய்தி. "சம்மாட்டியிடம் வேலைக்குப் போகிறேன், மாதம் இவ்வளவு கட்டுகிறேன், இரண்டரை வருசத்தில் முடியும்" என்று கணக்குச் சொல்கிறவர் ஒரு வகை. "சீதனம் வந்தால் அடைத்துவிடலாம்" என்று நினைக்கிறவர் இன்னொரு வகை. மகளின் நகை கல்யாணமான மறுமாதமே அடகுக் கடைக்குப் போகும் வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி, எது அடகில் என்று இரு வீட்டாரும் அமர்ந்து ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத மறுப்பவர்களிடம் பெண் கொடுக்க யோசியுங்கள்.

மறுபடி போவாரா?

பெற்றோர் கேட்க மறக்கும் கேள்வி இது. ஏமாற்றப்பட்டுத் திரும்பிய பலர், இழந்த காசைப் பிடிக்க வேண்டும் என்று மறுபடி போக முயல்கிறார்கள். சூதாட்டத்தில் தோற்றவன் மறுபடி விளையாடுவது போன்றதுதான் இது. இரண்டாம் முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும்?

2022 நவம்பரில் லேடி ஆர்3 என்ற பழுதான கப்பலில் 303 இலங்கையர் கனடாவுக்கு என்று சொல்லி ஏற்றப்பட்டு, வியட்நாமுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையே கடலில் தத்தளித்தார்கள். ஒரு ஜப்பானியக் கப்பல் அவர்களைக் காப்பாற்றி வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் சேர்த்தது. பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஒருவர் அங்கேயே உயிரிழந்தார். ஒரு பகுதியினர் டிசம்பர் கடைசியில் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கப்பல் ஏற்றியவன் கரையில் நின்று காசை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆகவே பையனிடம் நேராகக் கேளுங்கள்: "தம்பி, இனிக் கடலால் போக மாட்டேன் என்று எங்கள் பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பீரா?" அவர் உடனே ஆம் என்று சொன்னால் அதுவே போதும் என்று நினைக்காதீர்கள். சற்று யோசித்து, "மாமி, இங்கே ஒரு வழி கிடைத்தால் போகமாட்டேன்" என்று சொல்பவர் உண்மையைச் சொல்கிறார். அந்த வழியைத் தேடுவதற்கு நீங்களும் உதவலாம். முறையாகத் தொழிலுக்குப் போக விரும்பினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து போகலாம். ஆனால் வழக்கு நடக்கும்போது பிணை நிபந்தனையில் பயணத் தடை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிள்ளை அங்கே, துணை இங்கே

இன்னொரு வகைக் கவலையும் உண்டு. மகளோ மகனோ வெளிநாட்டில் இருக்கிறார். அங்கே சந்தித்துப் பழகியவர் இங்கே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டார். "இவனுக்காகக் காத்திருந்து பிள்ளையின் வயது போகிறதே" என்று தாய் தவிக்கிறாள். இங்கே நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

கனடாவில் மூன்று வகை வெளியேற்றக் கட்டளைகள் உண்டு. முதலாவது, 30 நாளுக்குள் முறைப்படி வெளியேறிப் பதிந்துவிட்டால் பொதுவாகத் தனி அனுமதி இன்றியே பிறகு விண்ணப்பிக்க இடம் தருவது. இரண்டாவது, ஓராண்டுத் தடை; பொய்த் தகவல் கொடுத்தவருக்கு ஐந்தாண்டுத் தடை. மூன்றாவது, என்றைக்குமான தடை. மறுபடி நுழைய வேண்டுமானால் தனியாக அனுமதி பெற வேண்டும். முதல் வகைக் கட்டளை கிடைத்தவர் 30 நாளுக்குள் போகாவிட்டால் அது மூன்றாம் வகையாக மாறிவிடும். இதை அறியாமல் "கொஞ்ச நாள் ஒளிந்திருந்து பார்ப்போம்" என்று இருந்து வழியை அடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

பிரித்தானியாவில் எப்படிப் போனார் என்பதைப் பொறுத்து ஓராண்டு முதல் பத்தாண்டு வரை தடை இருக்கலாம். தானே தன் செலவில் வெளியேறியவருக்கு மிகக் குறைவு. கணவன் மனைவியாக விண்ணப்பிக்கும்போது அந்தத் தடை அப்படியே பொருந்துவதில்லை என்றாலும், பழைய பொய்களைப் பார்ப்பார்கள். துணையை அழைப்பவரின் வருமான எல்லை 2024 ஏப்ரல் 11 அன்று 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. கடையில் வேலை செய்யும் பிள்ளைக்கு இது பெரிய மலை.

அவுஸ்திரேலியாவில் அகற்றப்பட்டவருக்குப் பல வீசாக்களில் மூன்றாண்டுத் தடை உண்டு. அகற்றும் செலவையும் அரசு கடனாக எழுதி வைத்திருக்கலாம். அதற்கு ஒரு ஏற்பாடு செய்யாமல் வீசா கிடைப்பது கடினம். படகில் போய்த் தற்காலிகப் பாதுகாப்பு வீசாவில் இருந்தவர்கள் பல ஆண்டுகளாகக் குடும்பத்தை அழைக்க முடியாமல் தவித்தார்கள். 2023 பெப்ரவரியில்தான் அவர்களில் சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வீசாவுக்கான வழி திறந்தது. நம் தமிழ்க் குடும்பம் ஒன்று பிலோயெலா என்ற சிற்றூரிலிருந்து 2018 மார்ச்சில் அதிகாலையில் பிடித்துச் செல்லப்பட்டது. 2019 ஓகஸ்டில் இலங்கைக்குப் புறப்பட்ட விமானம் நீதிமன்றத் தடையால் பாதி வழியில் டார்வினில் இறக்கப்பட்டது. அந்த ஊர் மக்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2022இல் அந்தக் குடும்பம் ஊர் திரும்பி நிரந்தர வீசாவும் பெற்றது. நான்கு ஆண்டுகள். இரண்டு சிறு பெண்பிள்ளைகள் அந்த ஆண்டுகளில் வளர்ந்தார்கள்.

எந்த நாடானாலும் ஒரு பொது விதி உண்டு: பெயரை மாற்றி, பிறந்த திகதியை மாற்றி, வேறு கடவுச்சீட்டில் போக முயலக் கூடாது. விரல் அடையாளம் கணினியில் இருக்கிறது. வளைகுடா நாடுகளிலும் அப்படித்தான். ஒரு பொய் பிடிபட்டால் இருவரின் வழியும் அடைபடும். "காசு தந்தால் தடையை எடுத்துவிடுவேன்" என்று சொல்லும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காத்திருப்பதா, பிள்ளை இங்கே திரும்பி வருவதா, பிரிவதா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்த இருவருமே. நீங்கள் செய்யக்கூடியது ஒரு கால எல்லையைப் பற்றி அவர்களைப் பேசவைப்பது. எல்லையில்லாத காத்திருப்பு பெண்ணையே அதிகம் தின்னும்.

நமக்கு இது பழைய பாடம்

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டார்கள். மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு. காதலித்த பையன் தலைமன்னார்க் கப்பலுக்குப் பெயர் வந்துவிட்டது என்று அழுத பெண்கள் எத்தனை பேர்! தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே மக்கள் பெயர் வைத்தார்கள். மகளைக் கூட அனுப்புவதா, நிறுத்திக்கொள்வதா என்று ஒரு தலைமுறைப் பெற்றோர் ஒரே இரவில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அனுப்பப்பட்ட எவரும் எந்தக் குற்றமும் செய்தவர் அல்லர்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது சிலருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம், சிலருக்கு இரண்டு நாள். இதை வாசிப்பவர்களில் பலர் அந்தப் பாதையில் நடந்தவர்கள், அல்லது நடந்தவர்களின் பிள்ளைகள். புத்தளத்துக்கு வந்த பிறகு "அகதிப் பெண்", "அகதிப் பையன்" என்று சொல்லிக் கல்யாணம் தட்டிப்போன கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் இடத்திலிருந்து அனுப்பப்பட்டவர் என்பதற்காகவே ஒருவரைத் தள்ளுவது எப்படி வலிக்கும் என்று அறிந்தவர்கள் நீங்கள்.

உள்ளே உடைந்திருப்பது

திரும்பி வந்தவர் இரவில் தூங்குவதில்லை, ஆட்களோடு பழகுவதில்லை, பின்னேரமானால் குடிக்கிறார் என்ற முறைப்பாடு அடிக்கடி வரும். மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தடுப்பு முகாமில் இருந்தவரின் மனம் ஊருக்கு வந்ததும் தானாகச் சரியாகிவிடுவதில்லை. தோற்று வந்தேன் என்ற வெட்கம் அதற்கு மேல்.

லியோ சீமான்பிள்ளை என்ற 29 வயதுத் தமிழ் இளைஞர், திருப்பி அனுப்பப்படுவோம் என்ற பயத்திலேயே, 2014 மே இறுதியில் அவுஸ்திரேலியாவின் ஜீலோங் நகரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய உறுப்புகள் நோயாளர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டன. இந்தியாவில் அகதி முகாமில் இருந்த பெற்றோர் அடக்கத்துக்குப் போக வீசா கேட்டார்கள். கிடைக்கவில்லை. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தத் துன்பம் எவ்வளவு ஆழமானது என்று அறியவே சொல்கிறேன். "ஆம்பிளைதானே, கல்யாணம் கட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்லி மகளை மருந்தாகக் கொடுக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைக் காணலாம், காசில்லை. கல்யாணத்துக்கு முன் பையன் அங்கே போவதற்கு மகளோ பெற்றோரோ துணை போகலாம். ஆனால் குடித்துவிட்டு இப்போதே கை நீட்டுகிறவராக இருந்தால் அதற்குத் தடுப்பு முகாமைக் காரணம் காட்டி மன்னிக்க நான் உங்களிடம் சொல்ல மாட்டேன்.

மகளோடு பேசுதல்

18 வயது கடந்த பிள்ளையின் திருமணத்துக்குப் பொதுச் சட்டப்படி பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. கைத்தொலைபேசியைப் பறிப்பதும், அறையில் பூட்டுவதும், அவசரமாக வேறு மாப்பிள்ளை பார்ப்பதும் அவளை இரவோடு இரவாகப் படியிறங்க வைக்கும். பிறகு வழக்கையும் கடனையும் பற்றி விசாரிக்க எவரும் இருக்கமாட்டார்கள்.

"அவனை விட்டுவிடு" என்று தொடங்காதீர்கள். "எனக்கு என்ன பயம் என்று சொல்கிறேன், கேளம்மா" என்று தொடங்குங்கள். பயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "நீயே போய் விசாரித்துவிட்டு வந்து சொல்லு" என்று அவளிடமே பொறுப்பைக் கொடுங்கள். வழக்கேட்டைத் தானே பார்த்த பெண், கடன் கணக்கைத் தானே எழுதிய பெண், கண்மூடித் தீர்மானிக்க மாட்டாள். அவளே வேண்டாம் என்று வந்தால் அது அவளுடைய தீர்மானம். அவளே வேண்டும் என்று நின்றால், கண் திறந்து நிற்கிறாள். தலவிலக்குப் போய் அன்னம்மாளிடம் நேர்த்தி வைக்கும் தாய்மாரிடம் நான் சொல்வது, நேர்த்தியும் வையுங்கள், வழக்கு இலக்கத்தையும் கேளுங்கள்.

முன்பு சொன்ன வளைகுடாவிலிருந்து வந்த பெண்ணுக்கு வருவோம். சம்பளம் கொடுக்காத வீட்டிலிருந்து ஓடி, வீசா ரத்தாகி, பிடிக்கப்பட்டு அனுப்பப்பட்ட பெண்ணை ஊர் வேறு கண்ணால் பார்க்கிறது. பையன் படகில் போய் வந்தால் "பாவம், ஏமாந்துவிட்டான்". பெண் போய் வந்தால் "அங்கே என்ன நடந்ததோ". இந்த இரண்டு அளவுகோல் அநீதி. மகன் விரும்பும் பெண்ணிடம் கேட்க வேண்டியவையும் பையனிடம் கேட்கும் அதே கேள்விகள்தான்: கடிதம், வழக்கு, கடன், இனி என்ன யோசனை. அதற்கு மேல் கேட்க எந்த மாமியாருக்கும் உரிமையில்லை.

பதிவும் பத்திரமும்

பல ஆண்டு வெளியே இருந்தவர் அங்கே வேறு குடும்பம் வைத்திருந்தாரா என்பது நியாயமான கேள்வி. கத்தோலிக்கராக இருந்தால், கோவிலில் செய்த திருமணம் எந்த நாட்டில் நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் புத்தகத்தில் குறிக்கப்பட வேண்டும். ஆகவே பழைய சான்றிதழ் போதாது, புதிதாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆனால் பதிவுத் திருமணமோ சேர்ந்து வாழ்ந்ததோ அந்தப் புத்தகத்தில் வராது. அவரோடு அங்கே இருந்த இரண்டு பேரிடம் விசாரியுங்கள். அங்கே பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் கடமை உண்டு. அதை மறைக்காமல் பேசித் தீர்த்த பிறகே பங்குத்தந்தை மேலே போவார். முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தின் மூலமும், அவர் இருந்த நாட்டிலுள்ள ஊரவர் மூலமும் இதே விசாரணையைச் செய்யலாம்.

குழுவில் பேச

மாதாந்தக் கூட்டத்தில் இதை வாசித்த பின் இவற்றைப் பேசிப் பாருங்கள். நம் கிராமத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருடைய வழக்கு இன்னும் முடியவில்லை? தவணைக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஒரே வானில் போனால் செலவு எவ்வளவு குறையும்? படகுக்காக நம் பெண்கள் குழுக் கடன் எடுத்ததுண்டா, அதை இப்போது யார் கட்டுகிறார்கள்? திரும்பி வந்தவர் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்து, கடலில் நடந்ததை அவர் வாயாலேயே நம் பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்க முடியுமா?